நோயாளிக்கே தெரியாத நோய்

அரசு மருத்துவமனையானாலும் சரி, கண்ணாடிக் கதவு போட்ட தனியார் மருத்துவமனையானாலும் சரி, புற்றுநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் சிறிது நேரம் நின்றால் இந்தக் காட்சி கண்ணில் படும். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் அம்மாவைப் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் முந்திக்கொண்டு உள்ளே போவார். கதவைப் பாதி சாத்தியபடி, "சதை டெஸ்ட் ரிசல்ட் வந்திருச்சு டாக்டர். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கர்ப்பப்பையில புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்" என்பார். மருத்துவர் தலையசைப்பார். சம்பந்தி வீட்டாருக்குத் தெரியும். ஊரிலிருந்து துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். கோப்பை எடுத்துக்கொண்டு போன ஊழியருக்கும் தெரியும். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்க்கு மட்டும் தெரியாது.

இது தவறு. அன்பினால் செய்யப்படுகிறது என்பதால் தவறில்லை என்று ஆகிவிடாது. ஒருவருடைய உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அறியும் முதல் உரிமை அந்த உடம்புக்குரியவருக்கே உண்டு. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள மகனுக்கும் உரிமையில்லை, கணவனுக்கும் உரிமையில்லை, வெள்ளைக் கோட்டு அணிந்தவருக்கும் உரிமையில்லை. இதைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் புற்றுநோயை ஊரே ரகசியம் பேசும் நோயாக வைத்திருக்கிறோம்.

"சொன்னா அன்னைக்கே உசுர விட்டுருவாங்க" என்று மகன் பயப்படுவதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாததால் என்ன நேர்கிறது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. நம் மக்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் இந்தச் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள் என ஏறக்குறைய ஐந்து வாரம் நடக்கும். அதன் பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்யும் உள்கதிர்ச் சிகிச்சையும் உண்டு. வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு தொடங்கிய சில நாட்களில் பெரும்பாலானோருக்கு ரத்தப்போக்கு குறைந்து நின்றுவிடும். வயிற்றோட்டமும் அசதியும் அதே நாட்களில்தான் தொடங்கும். தனக்கு வெறும் புண்தான் என்று நம்பியிருக்கும் பெண் அப்போது என்ன நினைப்பார்? "ரத்தம் நின்னுருச்சு, புண்ணு ஆறிருச்சு. இனிமே எதுக்குத் தினம் பஸ் ஏறிக்கிட்டு?" என்று வீட்டோடு இருந்துவிடுவார். அவர் கணக்கில் பிழையில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தகவல்தான் பிழை. பாதியில் நின்ற கதிர்வீச்சு, தவறவிட்ட உள்கதிர்ச் சிகிச்சை இரண்டுமே நோய் திரும்பி வர வழி விடும் என்பது புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது தெரிந்தும் மகனுக்குத் தலையசைத்த மருத்துவருக்கு இந்தப் பாவத்தில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. நோயறியும் சோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்து மயக்க நிலையிலிருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயின் ஒப்புதலை வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. வயது வந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, பெற்ற தாயே ஆனாலும் ஒப்புதல் தர முடியாது என்றது. ஒப்புதல் என்றால் நோய் என்ன, சிகிச்சை என்ன, அதன் விளைவு என்ன, வேறு வழி உண்டா என்பதை அறிந்து தரும் ஒப்புதல்தான் என்றும் சொன்னது. அப்படியானால் நோயின் பெயரையே சொல்லாமல் படிவத்தில் வாங்கும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் என்ன மதிப்பு? நம் மருத்துவமனைகளின் ஒப்புதல் படிவங்களைப் பாருங்கள். நோயாளி எனும் இடத்தில் அம்மாவின் பெயர். கையெழுத்து எனும் இடத்தில் மகனின் பெயர்.

மறைக்கிறோமே, எதை மறைக்கிறோம்? நோயின் பெயரை மட்டுமா? அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் எளிய அறிவையும் சேர்த்தே மறைத்திருக்கிறோம். எட்டாவது படித்தவருக்கும் புரியும்படி பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய அறிவு அது.

நம் உடம்பில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. தோலில், குடலில், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் பழைய செல்கள் அழிவதும் புதியவை பிறப்பதும் ஓயாமல் நடக்கின்றன. ஒரு செல் இரண்டாகும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் மரபணு ஏடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பதில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாவிட்டால் அந்தச் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். இதற்கென்றே காவல் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் பேர் போனது பி53. வளரச் சொல்லும் மரபணு ஓயாமல் வளரச் சொல்லி, நிறுத்தச் சொல்லும் மரபணு ஊமையாகி, காவல் மரபணுவும் பழுதாகும்போதுதான் ஒரு செல் கட்டுமீறிப் பெருகத் தொடங்குகிறது. ஒரே பிழையில் இது நடப்பதில்லை. பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். வயது ஏற ஏறப் புற்றுநோய் கூடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். புகையிலையும் மதுவும் சில வைரஸ்களும் கதிரியக்கமும் அந்தப் பிழைகளை விரைவுபடுத்துகின்றன. பெற்றோரிடமிருந்து நேரடியாக வரும் மரபணுக் கோளாறால் உண்டாவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான்.

இதில் போன பிறவியின் பாவத்துக்கு எங்கே இடம்? "என்ன பாவம் பண்ணுனேனோ" என்று தலையில் அடித்துக்கொள்ளும் பெண்ணுக்கு, "நீ ஒன்றும் பண்ணவில்லை தாயே, ஒரு செல் வழி தவறியது, அவ்வளவுதான்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லையே. புற்றுநோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பேரக்குழந்தையை மடியில் உட்காரவிடாத மருமகள்கள் இருக்கிறார்கள். அந்தச் செல்கள் அவருடைய சொந்தச் செல்கள். எச்சிலிலும் மூச்சிலும் இன்னொருவர் உடம்புக்குப் போய் முளைக்கமாட்டா. நோயைவிட அந்தத் தனித் தட்டுதான் பலரை முதலில் கொல்கிறது.

பிழையான செல்கள் ஓரிடத்தில் பெருகினாலும் தம் எல்லைக்குள்ளேயே நின்றால் அது சாதாரணக் கட்டி. எல்லைச் சுவரை உடைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்தால் புற்று. ரத்தத்திலோ நிணநீரிலோ ஏறி, எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ இறங்கிப் புதிதாகக் குடியேறினால் அது பரவிய புற்று. மார்பில் தொடங்கி எலும்புக்குப் போனாலும் அது மார்புப் புற்றுதான், மருந்தும் அதற்கேற்பத்தான். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வதுதான் ஒன்று முதல் நான்கு வரையிலான நிலை. ரத்தப் புற்றில் கட்டியே இருக்காது. நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்குச் சேர்த்து வைத்த ஒரே பெயர் இது. எதிர்வீட்டுக்காரர் கணையப் புற்றில் இறந்தார் என்பதற்காக, தொடக்க நிலை மார்புப் புற்று வந்த பெண் தன் நாட்களை எண்ணத் தேவையில்லை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் மிகச் சாதாரணமான வகை, நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் எட்டுக்கு மேல் குணமாகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் பெரும்பாலான புற்று வலிக்காது. நம் மக்கள் மருத்துவரிடம் போவதே வலித்தால்தான். "கட்டி இருக்குதான், ஆனா வலிக்கலையே" என்று மாதக்கணக்கில் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருக்கும் பெண்ணிடம், வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்ற பிறகு படும் ரத்தம், உறவுக்குப் பின் படும் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், விழுங்கும்போது அடைப்பது, மலத்தில் ரத்தம், தேறாத குரல் கம்மல், காரணமில்லாத எடைக் குறைவு. இவை எல்லாமே புற்று ஆகிவிடாது. ஆனால் எதையும் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, "ஊசி குத்தி சதை எடுத்தா பரவிரும்" என்ற பயம். இந்த ஒரு வாக்கியத்தால் தள்ளிப்போன சிகிச்சைகளுக்கு அளவில்லை. திசுவை எடுத்துப் பார்க்காமல் பெரும்பாலான புற்றை உறுதி செய்யவே முடியாது. முறையாக எடுக்கும் திசுச் சோதனையால் ஆபத்து மிக மிக அரிது. காத்திருப்பதால் வரும் ஆபத்து அன்றாடம் நடப்பது.

தெரியாமையின் விலை என்னவென்று இந்த மண்ணுக்கு நூறாண்டுகளாகத் தெரியும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றால் 1923-ல் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே கருதி மருத்துவம் பார்த்தார்கள். அக்கா மருத்துவராக இருந்தும், உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தத் துயரத்தை அவர் வீட்டுக்குள் வைத்து அழுது முடித்துவிடவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் மேடை மேடையாகக் கேட்டார். புற்று வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், எதற்கு மருத்துவமனை என்பதுதான் அன்று அதிகாரத்தில் இருந்தவர்களின் மனநிலை. 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டார். பணம் கட்ட முடிந்தவர், முடியாதவர் என்ற வேறுபாடு சிகிச்சையின் தரத்தில் காட்டக் கூடாது என்பது அங்கே விதி. இப்படிப்பட்ட முன்னோர் இருந்த ஊரில், 2020-களிலும் சதைச் சோதனைக்குப் பயந்து மூலிகை அரைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், கட்டிக்கொள்பவரைக் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

அரசின் பங்குக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தலையங்கத்தின் கோபத்துக்குப் பெரிய காரணமே அதுதான். அங்கே ஆய்ந்து பார்த்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான ஓர் எளிய சோதனையை. கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பார்கள். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். பழுதுபட்ட இடம் வெள்ளையாக மாறித் தெரியும். ஆய்வகம் வேண்டாம், ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துவிடலாம். புற்றாக மாறாத பழுது என்றால் அன்றைக்கே உறைய வைத்து அழித்துவிடலாம். அம்பிளிக்கையிலிருந்த கிறிஸ்தவ சமுதாய நல மையமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர். சங்கரநாராயணனும், அடையாறு நிலைய மருத்துவர்களும் சேர்ந்து 2000-ல் இந்த ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் ஆயிரக்கணக்கில், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். ஆய்வின் முடிவு 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே ஒருமுறை இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் கூட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதம் குறைந்தது. அதனால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது.

உலகமே எடுத்துப் பேசிய அந்தச் சான்றைத் தந்தது நம் ஊர்ப் பெண்கள். களை எடுத்துவிட்டு வந்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, அந்தக் கட்டிலில் படுத்தவர்கள். அதனால் கிடைத்த அறிவு அவர்களுடைய மகள்களுக்கு வந்து சேர்ந்ததா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேர். நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறோம் என்று மார் தட்டிக்கொள்ளலாம். அப்போதும் தொண்ணூறு பேர் மிச்சம். 2030-க்குள் நூற்றுக்கு எழுபது பெண்களுக்கு உயர்தரச் சோதனை எட்ட வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2020-ல் இலக்கு வைத்திருக்கிறது. 2022-ல் இந்தியாவில் இந்த ஒரு புற்று புதிதாக வந்தவர்கள் ஏறக்குறைய 1.27 லட்சம் பேர்; இறந்தவர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. காரணமான வைரஸ் தொற்றியதிலிருந்து புற்றாக முற்றப் பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நோய் இது. அத்தனை ஆண்டுகள் வாசலில் நிற்கும் நோயைப் பார்க்க ஒரு பஞ்சும் ஒரு விளக்கும் ஒரு நிமிடமும் தராத அரசுகள், இந்தச் சாவுகளை விதியின் மேல் போட முடியாது. இதைப் புறக்கணிப்பு என்று சொல்வதுகூட மென்மைதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை இருக்கிறது, பெண்கள்தான் வருவதில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஏன் வருவதில்லை? ஒற்றைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் காய்ச்சலுக்கு வந்த ஊர்க்காரர்கள். மதியத்துக்குள்தான் சோதனை என்றால் அன்றைய கூலி போச்சு. "அங்க போய்க் காட்டிட்டு வந்தியா" என்று கேட்கும் மாமியார். இவற்றையெல்லாம் வீடு வீடாகப் போகும் கிராமச் சுகாதாரச் செவிலியர் நன்றாக அறிவார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டுத் திட்டம் போட்டவர் யார்?

மனித பாப்பிலோமா வைரஸ் பற்றிப் பேசும்போது வெட்கம் இன்னும் கூடுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்று ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருவது. அந்த உறவைக் கண்டுபிடித்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. மேலே சொன்ன காவல் மரபணு பி53 தரும் புரதத்தைத்தான் இந்த வைரஸ் பிடித்து அழிக்கிறது. பாலுறவின் வழி பரவும் என்று கேட்டவுடன், நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் வாய்கள் திறக்கின்றன. பாலுறவு உள்ள மனிதர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும் வைரஸ் இது. கணவன் ஒருவனைத் தவிர வேறு எவரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். கொண்டுவந்து கொடுத்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்காத சமூகம், வாங்கிக்கொண்டு சாகிறவளை விசாரிப்பது இழிவு.

இந்த வைரஸுக்கு 2006-லிருந்தே தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போடப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வரவேற்கிறோம், பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் வரவேற்றிருப்போம். தடுப்பூசி போட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று கைப்பேசியில் செய்தி அனுப்புகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது வதந்தி மட்டுமல்ல, முப்பது ஆண்டு கழித்து நடக்கும் ஒரு சாவுக்கு இன்றே போடும் கையெழுத்து.

மறைப்பதில் அரசின் பங்கு இத்தோடு முடியவில்லை. பீடிக்கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் புற்று பிடித்த வாயின் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லும் சட்டம் இருக்கிறது, நல்லது. மது புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே புகையிலையோடு ஒரே வரிசையில் வைத்துச் சொல்லிவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பு என்று பட்டியல் நீளும். நம் ஊர் மது பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது? உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர். புற்று என்ற பேச்சே இல்லை. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பது அரசு நிறுவனம். தான் விற்கும் பொருளால் என்ன நோய் வரும் என்பதை வாங்குகிறவனிடம் சொல்லாத வியாபாரியை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போமோ, அந்தப் பெயருக்கு அரசும் உரியதுதான். பிறகு அதே அரசு, அதே ஆளுக்கு, காப்பீட்டு அட்டை கொடுத்துக் கீமோவுக்குப் பணம் கட்டுகிறது.

அடுத்து, நோயாளியின் பயத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள். புற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அடையாறு நிலையம் பிறந்த அதே ஆண்டில் வந்த சட்டம். எழுபது ஆண்டு கழித்தும் முள்சீத்தா இலைக் கஷாயம், கருஞ்சீரகப் பொடி, நாலாம் நிலைப் புற்றை நாற்பது நாளில் கரைக்கும் லேகியம் என்று யூடியூப் முழுக்கக் கடை விரித்திருக்கிறார்கள். பார்வைகள் லட்சக்கணக்கில். அறுவைச் சிகிச்சை செய்து பிழைக்க வைத்திருக்கக்கூடிய ஆறு மாதத்தைத் திருடி, முற்றிய நிலையில் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து தள்ளுகிறவர்கள் இவர்கள். நேர்மையான சித்த மருத்துவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தங்கள் மருத்துவத்தின் பெயரால் நடக்கும் இந்தக் கொள்ளையைப் பற்றி அவர்கள் வாய் திறக்க வேண்டும். திறக்காதவரை நாம் அவர்கள்மீதும் வருத்தப்படுவோம். விளம்பரம் செய்பவர்மீது வழக்குப் போடாத காவல்துறையையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும் பொறுத்தவரை வருத்தம் போதாது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக வாசலில் நிற்க வைத்து, "உங்களுக்குக் கேன்சர், மூணாவது ஸ்டேஜ், அடுத்த ஆள் வாங்க" என்று சொல்வதை யாரும் கேட்கவில்லை. அதுவும் நடக்கிறது, மறைப்பதற்குச் சற்றும் குறையாத கொடுமை அது. உட்காரவைத்து, கதவைச் சாத்தி, "உங்க உடம்பைப் பத்தி என்னம்மா தெரிஞ்சுக்கணும்? எவ்வளவு சொல்லட்டும்?" என்று முதலில் கேட்க வேண்டும். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர், "பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேணாம்" என்பார்கள். அப்படிச் சொல்வதும் அவருடைய உரிமைதான். ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், மகன் முந்திக்கொண்டு போய்ச் சொல்லக் கூடாது. சொன்ன அன்று அழுவார். சாப்பிட மறுப்பார். அதன் பிறகு பெரும்பாலோர் எழுந்து உட்கார்ந்து கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் நம் பயம் எவ்வளவு வீணானது என்று தெரியும். எத்தனை நாள் வரணும்? சமையல் செய்யலாமா? சின்னவளுக்கு தையில கல்யாணம் வச்சுக்கலாமா? அடகு வைத்த நகையை மீட்பதும், நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவதும், பேசாமல் இருக்கும் தம்பியோடு பேசிக்கொள்வதும் உண்மை தெரிந்தவருக்கே வாய்க்கும். குணமாக்க முடியாத கட்டத்தில் அது இன்னும் முக்கியம். அந்தக் கட்டத்தில் வலியோடு கிடக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. வலி தணிக்கும் மார்ஃபின் மருந்து கிடைப்பதற்காகவே 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். அது எத்தனை அரசு மருத்துவமனைகளில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் தன் மாவட்டத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மருத்துவருக்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. காலையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாது. அதற்குத்தான் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர்களை நியமிக்கச் சொல்கிறோம். கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பணம் தரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதற்கும் பணம் தரட்டும். மாநிலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் கதவுள்ள ஓர் அறையை இதற்கென்றே ஒதுக்கட்டும். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் செல் பிரிவதைச் சொல்லும் இடத்தில், அது பிசகினால் என்ன ஆகும் என்று நான்கு பக்கம் சேர்க்கட்டும். மது பாட்டிலில் புற்று என்ற எச்சரிக்கையைத் தமிழில், படத்தோடு அச்சிடட்டும். சோதனை நாளுக்குக் கூலி இழப்பு தரட்டும். சதைச் சோதனை அறிக்கை இன்று முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. அதன் அடியில் நோய் என்ன, எந்த உறுப்பில், எந்த நிலையில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி தமிழில் எழுதி, நோயாளியின் கையிலேயே கொடுத்து, வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, கேட்டுக்கொண்டதாக அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் அரசாணை போடட்டும். இந்த அரசாணைக்குப் பெரிய நிதி தேவையில்லை; வரும் சட்டமன்றக் கூட்டத்தொடருக்குள் போட்டுவிடலாம்.